4 நிலை ஃபேஸர் பெடல் கட்ட: ஜேஃபெட் தெரிவு, சோடி பொருத்துதல், பயஸ் (திருகோணமலை)

உப்புவெளி_ஆறுதந்தி:

வணக்கம். எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 (கிற்றார் ஒலியை அலை அலையாக அசைக்கும் பெடல்) வகைச் சுற்று ஒன்றை வெரோ போர்டில் (செப்புப் பட்டைகள் ஓடும் போர்டு) கட்டப் போகிறேன். நாலு நிலை, 9 வோல்ற். சுற்றுப்படம் கையில் இருக்கிறது, வாசிக்கவும் தெரியும். பிரச்சினை பாகங்களில்தான். திருமலை டவுனில் ரேடியோ, டிவி திருத்தும் கடைகளில் 4558 (ஒப்-ஆம்ப் ஐசி), றெசிஸ்டர், எலெக்ட்ரோலிட்டிக் எல்லாம் எடுக்கலாம். படத்தில் உள்ள 2என்5952 என்ற ஜேஃபெட் (ஒருவகை ட்ரான்சிஸ்டர்) இங்கே இல்லை. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் விசாரித்தால் 2என்5457, ஜே201, 2எஸ்கே30ஏ என்று மூன்று சொல்கிறார்கள்.

எதை வாங்குவது, எத்தனை வாங்குவது? "நாலும் மட்ச் ஆகவேண்டும்" என்கிறார்கள், எந்த அளவுக்கு? வேகத்துக்கான 500கே ரிவர்ஸ் லொக் பொட் கிடைக்காவிட்டால் என்ன போடலாம்? இன்னொன்று, வீடு கடற்கரையை ஒட்டி. ஜாக், சுவிட்ச் எல்லாம் பச்சை பிடிக்கிறது. போர்டுக்கு விசேஷமாக ஏதும் செய்ய வேண்டுமா?

ஈயப்புகை:

முதலில் ஏன் மட்ச் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஒவ்வொரு நிலையிலும் 47 நானோ கபாசிற்றர் ஒன்று, அதற்கு எதிரே 24கே றெசிஸ்டரும் ஜேஃபெட்டும் சமாந்தரமாக. ஜேஃபெட் இங்கே ஒலியைப் பெருக்குவதில்லை, வோல்ற்றால் திருகும் ஒரு றெசிஸ்டர், அவ்வளவுதான். நாலு நிலை சேர்ந்தால் ஒலியில் இரண்டு பள்ளம் (அந்த அதிர்வெண் அறவே குறையும் இடம்) விழும். ஜேஃபெட் முழுதாக மூடினால் 24கே மட்டும் மிஞ்சும், அப்போது பள்ளங்கள் சுமார் 58 ஹேர்ட்ஸிலும் 340 ஹேர்ட்ஸிலும். திறந்து மொத்தம் 2கே ஆனால் சுமார் 700, 4100. இந்தப் பயணம்தான் நீங்கள் கேட்கும் "வூஷ்". நாலில் ஒன்று மற்றவைக்கு முன்னாலேயே மூடிவிட்டால் அந்த நிலை 24கே-யிலேயே நின்றுவிடும், பள்ளங்கள் ஆழம் குறைந்து இடம் மாறும். இரண்டு மூன்று இப்படிப் போனால் ஒலி லேசாக நெளியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கேட்டுக்கு (ஜேஃபெட்டைத் திருகும் கால்) வரும் அசைவு மொத்தமே ஒரு வோல்ற்றுக்குள் என்பதால் 0.3 வோல்ற் வித்தியாசம்கூட பெரிசு. 0.05-க்குள் நாலு கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கோ.

அளக்கிற விதம்: 9 வோல்ற் பற்றரி. ட்ரெயின் பிளஸ்சுக்கு, கேட் மைனசுக்கு, சோர்சிலிருந்து 10கே ஒன்று மைனசுக்கு. அந்த 10கே-யின் மேல் எத்தனை வோல்ற் என்று வாசியுங்கோ. 1.5 என்று வந்தால் 0.15 மில்லி அம்பியர் ஓடுகிறது, மூடும் புள்ளிக்குக் கிட்டத்தான். ஒரே பற்றரி, ஒரே றெசிஸ்டர், ஒரே இருப்பில் எல்லாவற்றையும் அளக்க வேணும். விரலால் பிடித்துச் செருகியவுடன் வாசிக்காதேங்கோ, உடம்புச் சூட்டில் கடைசி இலக்கங்கள் ஓடும். ஒரு நிமிஷம் விட்டு, எண் நின்ற பிறகு எழுதுங்கோ. ஃபானை நிறுத்திவிட்டு அளந்தால் இன்னும் நல்லது.

எது வாங்க என்றால்: 2என்5457-இன் மூடும் வோல்ற் தரவுத்தாளில் 0.5 முதல் 6 வரை. அவ்வளவு அகலம். ஒரே பட்டியிலிருந்து (வெட்டித் தருகிற டேப்) 20 எடுத்தால் நாலு சேரும், 10 எடுத்தால் அதிர்ஷ்டம். ஜே201 0.3 முதல் 1.5 வரை. நெருக்கம்தான், ஆனால் மூடும் வோல்ற் குறைந்த ஜேஃபெட்டில் கொஞ்சம் பலமாக அடித்தாலே ஒலி கரகரக்கும், ஹம்பக்கர் கிற்றார் என்றால் இன்னும். அதோடு கால் வைத்த ஜே201 பெரிய கம்பனிகள் நிறுத்திவிட்ட சாமான். கடையில் கிடக்கிறது என்றால் சந்தேகத்தோடு பாருங்கோ. மேலே சொன்ன அளவில் 2, 3 வோல்ற் காட்டினால் அது ஜே201 இல்லை, மேலே எழுத்து மட்டும்தான் ஜே201.

என் தெரிவு 2என்5457 அல்லது 2எஸ்கே30ஏ, 10கே-யில் 1 முதல் 2.5 வோல்ற் காட்டும் கூட்டம். 4 வோல்ற்றுக்கு மேல் காட்டுவதை ஒதுக்குங்கோ, 5.1 வோல்ற் ரெஃபரன்சில் (நிலைகள் எல்லாம் தொங்கும் நடு வோல்ற்) அதை ஒழுங்காக மூட முடியாது.

நிலாவெளி_பேஸ்:

ஜேஃபெட் தேடிக் கொழும்புக்கு அலைவதை விட எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் றெசிஸ்டர்) நாலு வாங்கி நடுவில் எல்ஈடி வைத்தால் வேலை முடிந்ததே. யூனிவைப் என்ற பழைய பெடல் அப்படித்தான் ஓடியது, நடுவில் ஒரு குட்டி பல்ப், சுற்றிவர நாலு எல்டிஆர். 5528 என்று சொல்கிற எல்டிஆர் இங்கேயே கிடைக்கும், தானாக எரியும் வாசல் லைட் திருத்துகிறவர்களிடமும் இருக்கும். ஒலி கரகரப்பதும் இல்லை, எல்டிஆர் எவ்வளவு சிக்னல் வந்தாலும் வளையாது.

ஈயப்புகை:

கரகரப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அலைச்சல் குறையாது, இடம்தான் மாறும். எல்டிஆரும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, ஒரே வெளிச்சத்தில் ஒன்று 8கே, பக்கத்தில் உள்ளது 20கே. எல்ஈடிக்குச் சில மில்லி அம்பியர் வேணும், அதை எல்எஃப்ஓவால் (அசைவுக்கான மெதுவான அலையைத் தரும் பகுதி) ஆட்ட ஒரு ட்ரான்சிஸ்டர் வேணும், எல்லாம் இருட்டுப் பெட்டிக்குள் இருக்க வேணும். எல்டிஆர் வெளிச்சம் போன பிறகு மெதுவாகத்தான் திரும்பும். அதனால் வேகத்தைக் கூட்டும்போது அசைவு சுருங்கிவிடும்.

யூனிவைப்பின் ஒலி வேறாக இருப்பதற்குக் காரணம் எல்டிஆர் மட்டும் இல்லை. அதில் நாலு கபாசிற்றரும் நாலு அளவு: 15 நானோ, 220 நானோ, 470 பிக்கோ, 4.7 நானோ. பள்ளம் இரண்டும் ஒழுங்காக நடக்காமல் துடிக்கிற மாதிரி இருக்கும். அந்த ஒலி வேணும் என்றால் தாராளமாக அதைக் கட்டலாம். தம்பி கேட்டது ஃபேஸ் 90.

காந்தச்சுருள்:

ஜேஃபெட் பற்றி மேலே சொல்லியாயிற்று. மற்ற பாகங்களில் கவனிக்க வேண்டியவை:

ஸீனர் (வோல்ற்றை ஒரே அளவில் நிறுத்தும் டயோட்). படத்தில் 9 வோல்ற்றிலிருந்து 10கே வழியாக 5.1 ஸீனர் இருக்கும். அதில் ஓடுவது 0.4 மில்லி அம்பியர்தான். கடையில் 5.1 ஸீனர் கேட்டால் பெரும்பாலும் 1 வாட் 1என்4733ஏ தருவார்கள். அது 5.1 காட்டுவது 49 மில்லி அம்பியரில். 0.4-இல் 4-ஐ ஒட்டி, சிலவேளை அதற்கும் கீழே நிற்கும். பிசெட்எக்ஸ்55 அல்லது 79 வரிசையில் 5.1 கேளுங்கள், அவை 5 மில்லி அம்பியருக்கு அளக்கப்பட்டவை. அதோடு 10கே-யை 4.7கே ஆக்குங்கள். இது ஏன் முக்கியம் என்றால், நாலு நிலையும் இந்த ரெஃபரன்சில்தான் தொங்குகின்றன. டிஎல்072 போன்ற ஒப்-ஆம்பின் இன்புட் மைனஸ் பக்கத்துக்குக் கிட்ட வந்தால் ஒலி திடீரென்று முறியும்.

ஒப்-ஆம்ப். இன்புட் பஃபர் 1, நிலை 4, எல்எஃப்ஓ 1, மொத்தம் 6. ஆகவே இரட்டை ஐசி மூன்று. ஒலி மட்டும் போகும் இரண்டு ஐசிக்கும் உங்கள் 4558 போதும். எல்எஃப்ஓ இருக்கும் ஐசி மட்டும் டிஎல்062 ஆக இருக்கட்டும். டிஎல்072 ஒரு ஆம்புக்கு 1.4 மில்லி அம்பியர் இழுக்கும், 062 அதில் ஏழில் ஒரு பங்கு. டிக் டிக் சத்தம் வருவதும் வராததும் இதில் பாதி. ஐசி எல்லாவற்றுக்கும் சொக்கெட் போடுங்கள்.

47 நானோ நாலும் பொலியெஸ்டர் ஃபில்ம், 5 சதவீதம். மஞ்சள் செரமிக் வேண்டாம். 10கே-க்கள் 1 சதவீதம். கலக்கும் இடத்தில் உள்ள 150கே இரண்டும் கட்டாயம் 1 சதவீதம்: நேரே வரும் ஒலியும் சுற்றி வரும் ஒலியும் சம அளவில் மோதினால்தான் பள்ளம் ஆழமாகும். 1 சதவீத றெசிஸ்டரில் மோசமான சேர்க்கையிலும் 40 டெசிபெல் கிட்டக் கிடைக்கும், 5 சதவீதத்தில் 26-தான். காதுக்கு நன்றாகத் தெரியும் வித்தியாசம்.

கடைசி ட்ரான்சிஸ்டர் 2என்4125 கிடைக்காது. 2என்3906 அப்படியே பொருந்தும். பிசி557 போட்டால் திருப்பிப் போட வேண்டும், தட்டையான முகத்தைப் பார்த்தால் 3906 எமிற்றர்-பேஸ்-கலெக்டர், 557 அதற்கு நேர்மாறு.

வேக பொட். ரிவர்ஸ் லொக் இல்லாவிட்டால் சாதாரண லொக் 500கே-யை எடுத்து ஓர முனையை மாற்றி வயர் பண்ணுங்கள். இடப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். நேர்கோட்டு பொட் போட்டால் வேகமெல்லாம் கடைசி ஒரு துண்டுத் திருப்பலில் போய் நெருக்கும்.

எல்எஃப்ஓ கபாசிற்றர் 10 அல்லது 15 மைக்ரோ, டான்டலம். மெதுவான வேகத்தில் அதை நிரப்புவது 500கே வழியாக வரும் 4 மைக்ரோ அம்பியர் அளவுதான். சாதாரண எலெக்ட்ரோலிட்டிக்குக்குத் தரவுத்தாள் விடும் கசிவே 3 மைக்ரோ அம்பியர். பழைய டிவி போர்டிலிருந்து கழற்றியதைப் போட்டால் மெதுவான பக்கத்தில் அலை நின்றே போகலாம். பொட்டைக் கொஞ்சம் கூட்டினால் ஓடுகிறது, குறைத்தால் நிற்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இனிக் கடல் காற்று. ஜாக் பச்சை பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்தச் சுற்றில் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நாலு கேட்டும் சேரும் கோட்டுக்கு ட்ரிம்மரிலிருந்து (பயஸ், அதாவது கேட்டின் நிலை வோல்ற், திருப்பி வைக்கும் சின்னப் பொட்) 1 மெகா, எல்எஃப்ஓவிலிருந்து 3.9 மெகா, இரண்டும் சேர்ந்து சுமார் 0.8 மெகா ஓம். அந்தக் கோட்டுக்கும் பக்கத்துப் பட்டைக்கும் இடையில் ஃப்ளக்ஸும் உப்பும் படிந்து 5 மெகா ஓம் கசிவு வந்தாலே 3 வோல்ற் 2.6 ஆகிவிடும். அசைவு மொத்தமே ஒரு வோல்ற்றுக்குள் என்றால் 0.4 போவது பாதி போன மாதிரி. உப்பு, ஈரப்பதன் 75 சதவீதம் தாண்டினால் தானாகவே நீர் இழுக்கும். வாடைக் காலத்தில் உப்புவெளியில் அதற்குக் குறைந்தால்தான் அதிசயம். வெயில் காலத்தில் நன்றாக ஓடிய பெடல் மார்கழி மழையில் ஊமையாவதற்கு இதுதான் வழமையான காரணம், ஆட்கள் ஜேஃபெட்டைக் கழற்றி மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே: வெரோவில் கேட் கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பட்டையைச் சும்மா விடுங்கள், கத்தி முனையால் இடைவெளிகளைச் சுரண்டுங்கள். சோல்டர் முடிந்ததும் ஐசோபுரோபைல் அல்கஹோலும் பழைய பல் தூரிகையும். ஃபாமசியில் "சேர்ஜிக்கல் ஸ்பிரிட்" என்று தருவதை வாங்காதீர்கள், அதில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருக்கும், கழுவக் கழுவப் படியும். நன்றாகக் காய்ந்த பின், பயஸ் சரி பார்த்து முடித்த பின், அக்ரிலிக் ஸ்பிரே. இல்லாவிட்டால் நிறமில்லாத நகப்பூச்சு, கேட் கோட்டின் மேல் மட்டும் போதும். ட்ரிம்மர் திறந்த வகை வேண்டாம், மூடிய பல சுற்று வகை 250கே.

பெட்டி: 1590பி அளவு அலுமினியம். டின்மீன் பேணியில் கட்ட யோசித்தால் அதை விட்டுவிடுங்கள், ஆறு மாசத்தில் துரு.

உப்புவெளி_ஆறுதந்தி:

எல்லாருக்கும் நன்றி. 2என்5457 20 எடுத்து அளந்ததில் 1.41, 1.43, 1.44, 1.45 என்று நாலு சேர்ந்தன. போர்டும் கட்டியாயிற்று. ஒலி வருகிறது, பைபாஸ் சரி, அசைவுதான் அறவே இல்லை. வாசிப்புகள்:

சப்ளை 9.1
ரெஃபரன்ஸ் 4.8
எல்எஃப்ஓ அவுட்புட் மேலும் கீழும் தாவுகிறது, வேக பொட்டுக்குக் கேட்கிறது
கேட் கோடு 4.8, ட்ரிம்மரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்பினாலும் 4.8

வெரோ படம் 2எஸ்கே30ஏ-க்கு வரைந்தது. மீற்றர் டிஜிற்றல்.

ஈயப்புகை:

உங்கள் கடைசி வரியில் விடை கிடக்கு. 2எஸ்கே30ஏ-க்கு கேட் நடுக் கால். 2என்5457-க்கு (ஜே201, எம்பிஎஃப்102-க்கும்) கேட் ஓரத்தில், தட்டை முகத்தைப் பார்த்தால் இடமிருந்து ட்ரெயின், சோர்ஸ், கேட். அப்படியே செருகினால் நடுவில் வருவது சோர்ஸ். ஜேஃபெட்டின் உடம்பு வழியாகவே கேட் கோடு ரெஃபரன்சோடு ஒட்டிக்கொள்ளும். 1 மெகா வழியாக வருகிற ட்ரிம்மர் அதை எப்படி அசைக்கும்? கேட் கோடும் ரெஃபரன்சும் ஒரே 4.8 என்பது அதைத்தான் சொல்கிறது.

நாலையும் கழற்றி கேட் காலை நடு ஓட்டைக்கு வளையுங்கோ. மற்ற இரண்டும் எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு ட்ரெயினும் சோர்சும் மாற்றிப் போடலாம். சந்தேகம் வந்தால் மீற்றரை டயோட் நிலையில் வையுங்கோ: சிவப்பு முனை எந்தக் காலில் இருக்கும்போது மற்ற இரண்டுக்கும் 0.6, 0.7 காட்டுகிறதோ அதுதான் கேட். காலில் ஸ்லீவ் ஏற்றுங்கோ, வளைத்த கால்கள் முட்டும்.

பிறகு பயஸ். கேட் கோட்டின் வோல்ற் கிட்டத்தட்ட ட்ரிம்மர் நடுமுனையின் 0.8 மடங்கும் எல்எஃப்ஓ கபாசிற்றர் முனையின் 0.2 மடங்கும் கூட்டியது. உங்கள் ஜேஃபெட்டுக்கு 1.4, ரெஃபரன்ஸ் 4.8, ஆகவே 3.4-க்கும் 4.8-க்கும் இடையில்தான் விளையாட்டு, இனிப்பான இடம் அதன் கீழ்ப் பாதியில். மீற்றரை நம்பி அதைத் தேடாதேங்கோ. 10 மெகா மீற்றரே 7 சதவீதம் கீழே இழுக்கும். மலிவு மீற்றர் 1 மெகா என்றால் 3.8 இருக்கிற இடத்தில் 2.1 காட்டும், தொட்டுக்கொண்டிருக்கும் வரை அசைவும் நிற்கும். முள் மீற்றரை அந்தக் கோட்டில் வைக்கவே வேண்டாம்.

காதால்தான் செய்ய வேணும். வேகம் நடுவில், கிற்றாரில் ஒரு கோர்ட் அடித்து விட்டு, ட்ரிம்மரை ஒரு முனையிலிருந்து மெதுவாக. முதலில் ஒன்றும் இருக்காது, பிறகு அலையின் ஒரு நுனியில் மட்டும் "வ்" என்று எட்டிப்பார்க்கும், பிறகு முழுதாகத் திறக்கும், பிறகு மறுபக்கம் அடைபடும். திறக்கிற இடத்துக்கும் அடைபடுகிற இடத்துக்கும் நடுவில் விடுங்கோ. பல சுற்று ட்ரிம்மரில் இது ஒன்றிரண்டு சுற்றுக்குள் வந்து போய்விடும், அவசரப்பட்டால் தாண்டிவிடுவீர்கள்.

உப்புவெளி_ஆறுதந்தி:

கால் மாற்றியதும் ஓடுகிறது அண்ணை, முழு அசைவு. மிச்சம் இரண்டு. வேகத்துக்கு ஏற்றபடி மெல்லிய டிக் டிக், கிற்றார் வொலியூமைக் குறைத்தாலும் அப்படியே இருக்கிறது. பற்றரியில் இல்லாத ஒரு உம் சத்தம் அடப்டரில் வருகிறது. டோன் கொஞ்சம் கூர்மையாகவும் இருக்கிறது, பழைய பதிவுகளில் கேட்கும் மென்மை இல்லை.

காந்தச்சுருள்:

டிக்: வொலியூமுக்குக் கேட்கவில்லை என்றால் கிற்றார் வயரால் வருவது இல்லை, சப்ளை அல்லது ரெஃபரன்ஸ் வழியாக. எல்எஃப்ஓ அவுட்புட் சதுர அலை, தாவும் ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு. இந்த வரிசையில் பாருங்கள்: எல்எஃப்ஓ ஐசியில் இன்னும் 4558 இருந்தால் 062. அந்த ஐசியின் பிளஸ் காலுக்கு 100 ஓம் தொடராக, காலிலிருந்து தரைக்கு 100 மைக்ரோ. அதன் தரை வயரைப் போர்டின் நடுவில் சேர்க்காமல் டிசி ஜாக் வரை தனியாக. இதற்குப் பிறகும் இருந்தால் ரெஃபரன்ஸ்தான்: எல்எஃப்ஓவின் பிளஸ் இன்புட்டுக்குப் போகும் றெசிஸ்டர் ரெஃபரன்சில் கட்டியிருந்தால் அதைக் கழற்றி, 10கே இரண்டு, 47 மைக்ரோ ஒன்று வைத்துத் தனிப் பாதி வோல்ற் ஒன்று கொடுங்கள். ட்ரிம்மரைத் திரும்பக் கொஞ்சம் தொட வேண்டி வரும். வேகத்துக்கு ஏற்ப மின்னும் எல்ஈடி ஏதும் வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

உம்: கடையில் 9 வோல்ற் என்று விற்கும் ட்ரான்ஸ்ஃபோமர் அடப்டர்களில் பாதி ரெகுலேற்றர் இல்லாதவை. சுமை இல்லாமல் 12, 13 காட்டும், 100 ஹேர்ட்ஸ் சிற்றலை உள்ளே இருக்கும். மீற்றரால் பார்த்துவிட்டு, 11-க்கு மேல் என்றால் பெடலுக்குள் 7809 ஒன்று வைக்கலாம், இன்புட்டுக்கு 470 மைக்ரோ. முனையும் பாருங்கள்: பெடலுக்கு நடு முனை மைனஸ், கடை அடப்டர் பலதும் நடு பிளஸ். 1என்5817 ஒன்று தொடராகப் போட்டுவைத்தால் மாறிச் செருகினாலும் ஐசி தப்பும், 0.3 வோல்ற் அளவுதான் இழப்பு.

கூர்மை: கடைசி நிலையிலிருந்து முன் நிலைக்குத் திரும்பி வரும் 22 அல்லது 24கே ஒன்று உங்கள் படத்தில் இருக்கும், பல படங்களில் ஆர்28. 1974-இல் வந்த முதல் ஃபேஸ் 90-களில் அது இல்லை. ஒரு காலைத் தூக்கி விட்டுக் கேளுங்கள். இரண்டும் பிடித்தால் தொடராக ஒரு சின்னச் சுவிட்ச். நகப்பூச்சு அதற்குப் பிறகு.